பல வரி காமென்ட்டுக்கு நிறம் கொடுப்பது எப்படி? எடிட்டர் திணறுகிறது

கேள்வி:
பொழுதுபோக்காக, புரோகிராம் கோடு அடிப்பதற்கான ஒரு எடிட்டர் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியாக எடுத்து ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) ஓட்டி நிறம் கொடுக்கிறேன், கீவேர்டு, எண், ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிக்குள் வரும் உரை) எல்லாம் ஒழுங்காக வருகிறது. சி மொழிக் கோப்பில் /* என்று தொடங்கி நாலு வரி தாண்டி */ என்று முடிகிற காமென்ட்தான் (கோடாக ஓடாத வெறும் குறிப்பு) தலைவலி, ஏனென்றால் நடுவில் இருக்கும் வரியை மட்டும் பார்த்தால் அது காமென்ட்டா கோடா என்றே தெரியாது. இப்போதைக்கு ஒரு எழுத்து அடித்தாலும் முழுக் கோப்பையும் முதலிலிருந்து அலசுகிறேன். 20,000 வரிக் கோப்பில் கர்சர் நொண்டியடிக்கிறது.

பதில்:
முழுக் கோப்பு எதற்கு? ஒவ்வொரு வரியோடும் ஒரு எண்ணைச் சேமித்து வையுங்கள்: அந்த வரி முடியும்போது எந்த நிலை. 0 சாதாரணம், 1 காமென்ட்டுக்குள். 57ஆவது வரியைத் திருத்தினால் 56இன் எண்ணில் இருந்து தொடங்கி 57ஐ மட்டும் அலசுங்கள். கடைசியில் வரும் எண்ணும் பழைய எண்ணும் ஒன்றுதான் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், கீழே எதுவும் மாறாது. வேறு எண் வந்தால் 58, 59 என்று ஒத்துப்போகும் வரை போக வேண்டும். க்யூட்டி (Qt) என்ற லைப்ரரியில் நிறம் கொடுக்கும் ஹைலைட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது, முதல் வரிக்கு முந்தைய நிலையாக -1 கொடுக்கும்.

கேட்டவர்:
செய்துவிட்டேன், பறக்கிறது! ஆனால் ஸ்ட்ரிங்குக்குள் "/*" என்று இருந்தால் அதற்குக் கீழே மொத்தமும் காமென்ட் நிறமான பச்சையாகிவிடுகிறது. அப்புறம், கோப்பின் தலையில் /* அடித்தால் ஒரு நொடி உறைகிறது.

பதில்:
ஸ்ட்ரிங்குக்கு ஒரு ரெகெக்ஸ், காமென்ட்டுக்கு ஒரு ரெகெக்ஸ் என்று தனித்தனியாக ஓட்டினால் இதுதான் நடக்கும். இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் போங்கள், எது முதலில் திறக்கிறதோ அது மூடும் வரை மற்றதைக் கண்டுகொள்ளாதீர்கள். உறைவதற்கு: திரையில் தெரியும் வரி வரைக்கும் அலசிவிட்டு, மிச்சம் எந்த வரியிலிருந்து என்று குறித்துக்கொண்டு, கை சும்மா இருக்கும் நேரத்தில் தொடருங்கள்.

இன்னொருவர்:
0, 1 ரொம்ப நாள் தாங்காது. ரஸ்ட் மொழியில் காமென்ட்டுக்குள் காமென்ட் வரும், ஆழத்தை எண்ண வேண்டும். லுவா மொழியில் நீள ஸ்ட்ரிங்கை [==[ என்று திறந்தால் அதே எண்ணிக்கையில் = போட்டு ]==] என்றுதான் மூடும். பைதானில் பல வரி ஸ்ட்ரிங்கைத் திறக்க ''' வேறு, """ வேறு. நிலையை ஒரு சின்ன ஸ்ட்ரக்டாக (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) வைத்து முழுசாக ஒப்பிடுங்கள். சிலர் கோடின் இலக்கணத்தையே அலசும் ட்ரீ-சிட்டர் லைப்ரரியைப் போடச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் காமென்ட்டுக்கு நிறம் கொடுக்க மட்டும் என்றால் அது அதிகப்படி. ஒன்று விட்டுப்போச்சு, சியில் // காமென்ட்டின் கடைசி எழுத்து \ என்றால் அடுத்த வரியும் காமென்ட்தான்.

கேட்டவர்:
அந்த \ விஷயத்தையும் சேர்த்தேன். என் பழைய கோப்பு ஒன்றில் // காமென்ட் ஒரு விண்டோஸ் ஃபோல்டர் பாதையோடு \ என்று முடிந்திருக்கிறது, அதற்கு அடுத்த வரி திடீரென்று பச்சை. ஹைலைட்டரில் பிழை என்று அரை மணி நேரம் தேடினேன். பார்த்தால் அந்த அடுத்த வரி இத்தனை நாளாகக் காமென்ட்டாகவே போய், கம்பைலே ஆகவில்லை.