நிக்கல் டைட்டானியம் கம்பியைச் சூடாக்கியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்பிக்காரர்:
பல் சீரமைப்புதான் என் தொழில். பல்லை நகர்த்தப் பொருத்தும் பிரேஸ் கம்பியின் முனையைக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் மடக்காவிட்டால் அது ஒரு பக்கமாக நழுவி, மறுநாளே கன்னத்தைக் குத்துகிறது என்று நோயாளி வந்து நிற்பார். ஆனால் நிக்கல் டைட்டானியம் மடக்கினால் கேட்கிற சாதியா? இடுக்கியை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். அதனால் வாயில் பொருத்துவதற்கு முன்பே முனையைச் சுடரில் காட்டிச் சிவக்கவைக்கிறேன். ஆறியபின் அந்தச் சில மில்லிமீட்டர் மட்டும் சாதுவாகிவிடும், மடக்கியபடி நிற்கும். சூடு உள்ளே ஏறாதிருக்க, சற்றுத் தள்ளி இடுக்கியால் இறுகப் பிடித்துக்கொள்வேன். எவ்வளவு தூரம் ஏறியது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும்: நுனி கறுத்திருக்கும், அடுத்து நீலம், அதற்கப்பால் வைக்கோல் மஞ்சள், பிறகுதான் பழைய வெள்ளி நிறம். பல்லை நகர்த்த வேண்டிய பகுதிவரை நீலம் வந்துவிட்டால் அந்தக் கம்பி குப்பைக்குத்தான்.

உலைவாசி:
டாக்டர், முனை சாதுவாவதற்குக் காரணம் இதுதான். தொழிற்சாலையில் குளிர்நிலையில் இழுத்து இழுத்து ஏற்றிய விறைப்பு, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரைந்துபோகும். படிகங்கள் புதிதாக உருவாகிவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை அதற்குக் கீழே, 400 முதல் 550 வரை. கம்பியை வளைவு அச்சில் இறுக்கிக் கட்டி உலையில் வைத்து, எடுத்தவுடன் தண்ணீரில் போட்டால் அந்த வளைவே அதன் நிரந்தர வடிவம்.

இதில் நேரம்தான் வித்தைக்காரன். ஒரே சுருளில் இரண்டு துண்டு வெட்டி, 450 டிகிரியில் ஒன்றைச் சில நிமிடமும் மற்றதை ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைத்துப் பாருங்கள். முதல் துண்டு விரலில் துள்ளும். இரண்டாவது சோம்பலாக வளைந்து கிடக்கும், வெந்நீரில் போட்டதும் நிமிரும். காரணம், நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் உள்ளே பிரிகின்றன; மிச்ச உலோகத்தில் நிக்கல் குறைகிறது, அதனால் உருமாறும் வெப்பநிலை, அதாவது தொளதொளப்பு போய்த் துள்ளல் வரும் சூடு, மேலே ஏறுகிறது. நிக்கலின் பங்கு துளி மாறினாலே அந்த வெப்பநிலை பல டிகிரி நகர்ந்துவிடும். கம்பி தரும் விசையும் அதோடு மாறும். நீங்கள் வாங்கும் வளைவுக் கம்பியில் ‘மென்விசை’ என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உலையும் கடிகாரமும் இருக்கின்றன.

பிரேஸ் போட்டவள்:
அறிவியல் எனக்குத் தெரியாது. எனக்குப் போட்டது செம்பு கலந்த 35 டிகிரிக் கம்பி என்றார்கள். மாட்டும்போது தொளதொளவென்று இருந்தது, வாய்க்குள் போனதும் இறுக்கம் தெரிந்தது. வலித்தால் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருப்பேன், கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்கும். சூடான காப்பி குடித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்!

கம்பிக்காரர்:
பிரேஸ் போட்டவரே, அது மனப்பிரமை அல்ல. குளிரில் விசை உண்மையாகவே குறைகிறது. உலைவாசி சார், ஒரு கேள்வி: ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் 134 டிகிரியில் கிருமிநீக்கம் செய்கிறோமே, அது கெடுக்காதா?

உலைவாசி:
துகள்கள் பிரிய அந்தச் சூடு போதாது. தாராளமாகச் செய்யுங்கள், டாக்டர். சுடரிடம் மட்டும் கவனமாக இருங்கள்.