‘டிஸ்பாரிட்டி’க்குச் சொல் வேண்டும் – நாளை காலைக்குள்

வணக்கம். அமெரிக்காவில் நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்வது பற்றிய கட்டுரை ஒன்றை நாளை காலைக்குள் தமிழில் தரவேண்டும். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் அதிகம் சேர்க்கப்படுகிறார்கள், கால்களை இழப்பதும் அவர்களே அதிகம் என்பது செய்தி. ‘ரேஷியல் டிஸ்பாரிட்டி’க்கு ‘இன வேறுபாடு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த தம்பி, “அவங்க ரத்தமே அப்படியா?” என்று கேட்டான். தூக்கிவாரிப் போட்டது. வேறு சொல் தாருங்கள்.

*

அம்மா, ‘ஏற்றிழிவு’ எனலாம். இழிதல் என்றால் இறங்குதல். திருமுருகாற்றுப்படையில் அருவி ‘இழிதரும்’. நீரிழிவிலும் அதே இழிவுதான். கிரேக்க ‘டயாபிடீஸ்’ என்பதற்கும் ஊடே கடந்து போவது என்றே பொருள். ‘வேற்றுமை’ பக்கம் மட்டும் போகவேண்டாம். தொல்காப்பியர் காலம்தொட்டு அது உருபுக்கு உரியது, விளியோடு சேர்த்து எட்டு.

*

ஐயா, வேர் சரி. ஆனால் ‘கறுப்பினத்தவரின் ஏற்றிழிவு’ என்று அச்சில் வந்தால் ‘இழிவு’தான் கண்ணில் படும். அந்த மக்களுக்கு நாம் அதைச் செய்யக் கூடாது. நான் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலி. செருப்பு கடித்த கொப்புளத்தில்தான் தொடங்கும். பாதம் மரத்திருப்பதால் காலுறை நனைந்த பிறகே பார்ப்பார்கள். பக்கத்தில் கிளினிக்கும் கையில் காப்பீடும் இருந்தால் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டும் இல்லாதவர் விரல் கறுத்த பிறகு வந்து அட்மிட் ஆகிறார். இதில் ரத்தம் எங்கே வந்தது? ‘ஏற்றத்தாழ்வு’ என்றே போடுங்கள்.

*

அக்கா சொல்வதே சரி. ‘இனம்’ பற்றியும் ஒன்று. குறளில் ‘சிற்றினம்’ என்பது கூடாத சேர்க்கை, பிறப்பல்ல. அமெரிக்க அரசும் 1997இல் 5 இனம் என்று வகுத்து ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட ஹிஸ்பானியருக்குத் தனிக் கேள்வி வைத்தது. 2024இல் இரண்டையும் ஒரே கேள்வியாக்கி 7 பிரிவு என்றது. உட்கார்ந்து மாற்றி எழுதுகிற பட்டியல் இது. ‘இனவாரி’ என்றால் அது புரியும்.

*

சரி, ‘இனவாரி ஏற்றத்தாழ்வு’ என்றே அனுப்புகிறேன். அப்புறம், ‘ஹாஸ்பிடலைசேஷன்’ ‘மருத்துவமனைச் சேர்க்கை’தானே?

*

சேர்க்கை பள்ளிக்கூடத்துக்கு, அம்மா. ‘உள்நோயாளியாதல்’ என்க. ஏற்றத்தாழ்வு கூலிக்கும் சாதிக்கும் பழகிய சொல். புள்ளிவிவரக் கட்டுரைக்கு அதை நான் ஏற்கவில்லை.

*

கூலியையும் சாதியையும் போன்றதுதானே ஐயா இதுவும்?

*

இருக்கலாம். கட்டுரை போகட்டும். ‘ஏற்றிழிவு’ என் அகராதிச் சீட்டில் இருக்கும்.