முன்சக்கரக் காலிப்பர் இறுகிவிட்டது: சீல் மாற்றினால் போதுமா?

கேள்வி:
பாலேக் பூலாவ் மலைச்சாலையில் இறங்கி வீடு சேர்ந்தபோது, என் காரின் இடது முன்சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தது. கழற்றிப் பார்த்தால், உள்பக்கப் பிரேக் பேட் (சுழலும் தட்டை உரசி நிறுத்தும் கட்டை) இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிகூடத் தேயவில்லை. பட்டறையில், பேட்களைத் தட்டின்மேல் அழுத்தும் காலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள். ரப்பர் சீல்களை மட்டும் மாற்றலாமா, அண்ணன்மார்களே?

பதில் 1:
தம்பி, காலிப்பர் வழுக்கி நகர உதவும் பின்கள் (உலோகக் கம்பிகள்) இறுகியிருக்கலாம், அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்காமல் இருக்கலாம். பிஸ்டனை இழுப்பது ஸ்பிரிங் அன்று. பிரேக்கை மிதிக்கும்போது சற்றே வளையும் சதுர விளிம்புச் சீல், காலை எடுத்ததும் நிமிர்ந்து அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. பிஸ்டனின் மேல் துருக்குழி நகத்தில் தட்டுப்பட்டால் புதிய சீலும் கசியும், பிஸ்டனையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
சீலில் சாதாரண கிரீஸ் படவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். புதிய பிரேக் ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள். பின்களுக்குச் சிலிகோன் கிரீஸ். காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றும்போது எதிரே மரக்கட்டை வைத்து, விரல்களை விலக்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் குழாயிலுள்ள காற்றை முழுவதும் எடுக்காமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. கீழ்ப்பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செந்துரு அப்பியிருந்தது. பிஸ்டன் வழவழப்பாகவே இருக்கிறது. இரு பக்கத்துக்கும் சீல் வாங்கிவிட்டேன்.