கரையிலிருந்து இறங்கும் ரெக் டைவ் (மூழ்கிய கலங்களைப் பார்க்கும் டைவ்): கிட்டே போனதும் சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லை

கரையோரன்:
கடலில் டைவ் செய்து பழக்கம். இப்போது கனடாவில், ஹூரான் ஏரிக்கரையில் உள்ள டோபர்மோரியின் லிட்டில் டப் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் நாலு பழைய டக் (இழுவை) படகுகளைப் பார்க்கக் கரையிலிருந்தே இறங்குகிறேன். ஆழம் ஒன்றும் பெரிதில்லை, அவற்றில் ஒன்றான ஆலிஸ் ஜி-யின் பாய்லர் வரை நீந்திப் போவதும் சுலபம், ஆனால் பக்கத்தில் போனதும் கால் கீழே இறங்கி, ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டுச் சேறு எழும்பிவிடுகிறது. பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) கொஞ்சம் காற்று ஏற்றினால் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. குளிருக்கு 7 மிமீ வெட்சூட் உடை, அமிழ்வதற்குக் கடலில் கட்டும் அதே 8 கிலோ ஈயம். எங்கே தப்பு?

ஈயக்கட்டி:
அந்த 8 கிலோதான். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனம். நீங்களும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், இங்கே சுமார் இரண்டரை கிலோ ஈயம் குறைய வேண்டும். அதிகக் கனத்தைச் சமாளிக்க அதிகக் காற்று ஏற்றுகிறீர்கள், அந்தக் காற்று 6 மீட்டரிலிருந்து மேலே வரும்போது ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். ஆழம் குறைந்த இடம் சுலபம் என்பதெல்லாம் சும்மா. சரி, சிலிண்டர் எது?

கரையோரன்:
ஊரில் அலுமினியம், இங்கே வாடகைக்குக் கிடைத்தது ஸ்டீல்.

ஈயக்கட்டி:
அதைச் சொல்லவே இல்லையே! அலுமினியம் 80 (80 கன அடி சிலிண்டர்) காலியாகும்போது கிட்டத்தட்ட 2 கிலோ அளவுக்கு மிதக்கும், அதை அமுக்கவும் சேர்த்துத்தான் கடலில் ஈயம் கட்டியிருப்பீர்கள். ஸ்டீலுக்கு அது தேவையில்லை, இன்னும் குறையும். ஆனால் என் கணக்கை நம்பி அப்படியே கழற்றிவிடாதீர்கள். டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, நிற்க முடிகிற ஆழத்தில், பிசிடியைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சு இழுத்து நிறுத்துங்கள். கண் மட்டத்தில் மிதந்து, மூச்சு விட்டதும் மெல்ல இறங்கினால் சரியான எடை.

குளிர்நீர்:
எடை சரியானாலும் கால் தொங்கினால் சேறு வரும். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு கிலோவைச் சிலிண்டர் பட்டைக்கு ஏற்றிப் பாருங்கள். அப்புறம், மேலும் கீழும் உதைக்காமல் தவளை உதை. படகைப் பிடித்து நிற்கவும் வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட பூங்கா, மேலே ஒட்டியிருக்கும் சிப்பி கையுறையையும் கிழிக்கும். பதிவு செய்துவிட்டுத்தானே இறங்குகிறீர்கள்? கீழே டைவர் இருப்பதைக் காட்டும் கொடி மிதவை கட்டாயம், படகுப் போக்குவரத்து உள்ள துறைமுகம் அது.

கரையோரன்:
பதிவும் கொடியும் உண்டு. முதலில் 4 கிலோவோடு கரையோரம் சோதித்துப் பார்க்கிறேன். இறங்கவே முடியாவிட்டால்?

ஈயக்கட்டி:
அரை கிலோ அரை கிலோவாக ஏற்றுங்கள். புது வெட்சூட் என்றால் அதிகம் மிதக்கும், கொஞ்சம் கூடவே ஈயம் கேட்கும்.