மறு: சங்கிலி ரம்பத்தின் ‘டெப்த் கேஜ்’ – ‘கடிவரம்பு’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய கனரகச் சங்கிலி ரம்பங்களை வைத்திருப்போருக்காகத் தமிழில் பராமரிப்புக் கையேடு எழுதிவரும் நண்பர், ‘டெப்த் கேஜ்’ (பல் மரத்துக்குள் இறங்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மேடு) என்னும் உறுப்புக்குச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் ஆழமானி, வாரிப்பல், முன்மேடு, கடிவரம்பு என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்காவதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். அதற்கான காரணத்தை அந்த உறுப்பு செய்யும் வேலையிலிருந்தே சொல்ல விரும்புகிறேன். அரத்தைக் கையிலெடுத்துச் சங்கிலியின்முன் உட்காருபவர் எதை, எவ்வளவு, எதற்காகத் தேய்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெயர் உதவ வேண்டும்.

சங்கிலியின் ஒவ்வொரு வெட்டுக் கண்ணியிலும் இரண்டு பகுதிகள் உண்டு. பின்னால் இருப்பது மரத்தைச் சீவும் பல். அதற்கு முன்னால், பல்லின் கூர்முனையைவிடச் சற்றே தாழ்வாக, ஒரு சிறு மேடு இருக்கும். சங்கிலி ஓடும்போது இந்த மேடு மரத்தின்மேல் உரசிச் செல்கிறது. பின்னால் வரும் பல், இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாட்டுக்கு ஏற்ற அளவே மரத்துக்குள் இறங்குகிறது. பெரிய ரம்பங்களில் வழங்கும் 0.404 அங்குலச் சங்கிலிக்கு (அங்குல எண் கண்ணிகளின் இடைவெளி அளவு) இந்த வேறுபாடு 0.8 மி.மீ.; 3/8 அங்குலச் சங்கிலிக்கு 0.65 மி.மீ. மேடு எதையும் வெட்டுவதில்லை. பல் எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு எல்லை வகுப்பதே அதன் ஒரே வேலை.

> ஆழமானி என்பது எளிது. வெப்பமானி, காற்றழுத்தமானி வரிசையில் இயல்பாகச் சேர்ந்துவிடும்.

அந்த வரிசையில் சேர்வதுதான் இங்கே இடையூறு. வெப்பமானி வெப்பத்தை அளந்து நமக்குச் சொல்கிறது. இந்த மேடு எதையும் அளப்பதுமில்லை, நமக்கு எதையும் காட்டுவதுமில்லை. மேலும், இதன் உயரத்தைச் சரிபார்க்க ஒரு சிறு எஃகுத் தகடு இருக்கிறது. அதைச் சங்கிலியின்மேல் வைத்து, தகட்டின் பிளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைத் தட்டை அரத்தால் தேய்க்கிறோம். உண்மையில் அளவு காட்டும் கருவி அதுதான். மேட்டுக்கு ஆழமானி என்று பெயரிட்டுவிட்டால், அந்தத் தகட்டை ‘ஆழமானியின் அளவுமானி’ என்றா எழுதுவது? கையேட்டைப் படிக்கும் பட்டறைக்காரர் எது கருவி, எது உறுப்பு என்று குழம்பிப்போவார்.

வாரிப்பல் என்ற பரிந்துரைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இருவர் இழுத்து அறுக்கும் நீண்ட குறுக்கறுப்பு ரம்பங்களில், வெட்டும் பற்கள் இருபுறமும் கோடு கிழிக்க, இடையிலுள்ள தனிப் பற்கள் நடுவிலிருக்கும் நாரைப் பெயர்த்து வெளியே வாரிக் கொட்டும். தொடக்ககாலச் சங்கிலி ரம்பங்களும் அதே முறையில்தான் கீறும் பற்களும் வாரும் பற்களுமாக அமைந்தன. 1940-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசஃப் காக்ஸ் என்னும் மரம்வெட்டி, மரத்துண்டைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவின் தாடைகள் இடவலமாக அசைந்து மரத்தைச் சீவுவதைக் கவனித்து, அதைப் பின்பற்றி இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வரும் சீவுசங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. சீவுசங்கிலியில் பல்லே தன் சீவலை வெளியேற்றிவிடுகிறது. முன்னாலிருக்கும் மேட்டுக்கு வாரும் வேலை கிடையாது. ஆங்கிலம் பேசும் மரம்வெட்டிகளிடம் ‘ரேக்கர்’ (வாரி) என்னும் பழைய பெயர் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது. புதிதாகப் பெயரிடும் நாம், இல்லாமற்போன ஒரு வேலையின் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, ‘பல்’ என்று பெயரில் இருந்தால் அதையும் கூராக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கக்கூடும் என்பது. இந்த மேட்டைக் கூராக்கவே கூடாது. உயரத்தைக் குறைத்தபின் அதன் முன்விளிம்பை மழுக்கி உருட்டிவிட வேண்டும்.

முன்மேடு தவறான சொல்லன்று. ஆனால் அது உறுப்பு எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது.

> வரம்பு என்பது கருத்து. கையால் தொடக்கூடிய பொருளுக்கு அது பெயராகுமா?

ஆகும். வயலைப் பிரிக்கும் மண்மேட்டை ஈழத்தில் இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். தமிழகத்தில் அது வரப்பு. தொட்டுப் பார்க்கக்கூடிய மேடு, எல்லை என்னும் கருத்து ஆகிய இரண்டையும் ஒரே சொல் ஏற்கெனவே தாங்கி நிற்கிறது. நம் உறுப்பும் இவ்விரண்டும் சேர்ந்ததுதான். இழைப்புளியின் தகட்டை அதிகம் இறக்கிவிட்டால் ‘கடிக்கிறது’ என்று சொல்லும் பழக்கம் மரவேலையில் இருப்பதால், ‘கடி’ என்னும் முன்னொட்டும் தச்சருக்கு அந்நியமாகப் படாது என்று நம்புகிறேன்.

இனி, பழைய கனரக ரம்பங்களில் இந்தச் சொல் ஏன் கூடுதல் எடை பெறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்டில் நிறுவனத்தின் 070 ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். 1959-இல் வந்த ‘கான்ட்ரா’ என்னும் ஸ்டில் ரம்பத்தின் வழித்தோன்றலான அதன் இயந்திரம் 106 கன செ.மீ. கொள்ளளவு உடையது, பாரும் (சங்கிலி சுற்றியோடும் நீண்ட எஃகுத் தகடு) சங்கிலியும் இல்லாமலே ஏறத்தாழப் பத்துக் கிலோ எடை. சிறிய ரம்பத்தில் கடிவரம்பை அளவுக்குமேல் தேய்த்துவிட்டால் சங்கிலி மரத்தைக் கவ்விக்கொண்டு இயந்திரம் திணறி நின்றுவிடும். அந்தத் திணறலே உரிமையாளருக்கு எச்சரிக்கை. 070 அவ்வளவு எளிதில் நிற்காது. பல் ஆழமாகக் கவ்வினாலும் அதை இழுத்துக்கொண்டே போகும் முறுக்குவிசை அதற்கு உண்டு. அதனால் ஏற்படும் ஒவ்வோர் இழுப்பும் கிளட்ச், ஸ்ப்ராக்கெட் (சங்கிலியை ஓட்டும் பற்சக்கரம்), கிராங்க் பேரிங் ஆகியவற்றின்மேல் இறங்குகிறது. நாற்பது ஆண்டு ஓடிய இயந்திரத்தில் இவற்றுக்கு மாற்று உறுப்பு தேடி அலைய வேண்டியிருக்கும். பாரின் நுனி மரத்தில் பட்டால், ரம்பம் பிடித்திருப்பவரை நோக்கிச் சட்டெனத் துள்ளும் பின்னுதைப்பும் இப்போது கடுமையாகும். சங்கிலியை நொடியில் நிறுத்தும் செயின் பிரேக் 1970-களில்தான் பரவலாகத் தொடங்கியது என்பதால், இத்தகைய பழைய ரம்பங்கள் பலவற்றில் அது இல்லை. சங்கிலியைத் தீட்டும்போது ‘இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வேகமாக வெட்டும்’ என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையின் விலை இவ்வளவு.

மறுபக்கமும் உண்டு. பல்லின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிவாக இருப்பதால், 5.5 மி.மீ. உருண்டை அரத்தால் தீட்டத் தீட்டப் பல் பின்வாங்குவதோடு தாழவும் செய்கிறது. கடிவரம்பைத் தொடாமலே விட்டால் உயர வேறுபாடு மெல்லக் குறைந்து, பல் கூராக இருந்தும் வெட்டாது. சீவலுக்குப் பதில் மாவாகத் தூள் பறக்கும், பிடித்திருப்பவர் உடம்பின் எடையைப் போட்டு ரம்பத்தை அழுத்துவார், பாரின் விளிம்புகள் சூடாகித் தேயும், காற்றுவடிகட்டி அடைத்துக்கொள்ளும், இயந்திரம் நெடுநேரம் முழு விசையில் வெந்துகொண்டிருக்கும். பழைய ரம்பத்தில் கிராங்க் தண்டின் ரப்பர் சீல்கள் இறுகிக் காற்றைக் கசியவிடுவது பெரிதும் காணும் குறை. இவ்வகை இயந்திரத்தில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது; கசிவுக் காற்று புகுந்து பெட்ரோல் பங்கு குறைந்த கலவையில் ஆயிலும் குறைந்தே செல்லும் என்பதால், அந்த வெப்பத்தில் பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். கார்புரேட்டரைக் குறை சொல்லித் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருப்பவர், சங்கிலியின் ஒரு மி.மீ.க்கும் குறைவான மேட்டளவைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம்.

பயன்படுத்திய ரம்பம் வாங்குபவர்கள் சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றுத் துளை வழியே பிஸ்டனைப் பார்ப்பது நல்ல வழக்கம். கையேட்டில் அதற்கு அடுத்த வரியாக, சங்கிலியின் கடிவரம்புகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, முன்விளிம்பு உருட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளர் அந்த இயந்திரத்தை எப்படி நடத்தினார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது. தென்னை அறுப்பவர்களுக்காக ஒரு குறிப்பும் சேர்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளைப் போன்ற இடங்களில் மண் அப்பிய தென்னை மரங்களை அறுக்கும்போது பற்கள் மிக விரைவில் மழுங்கும். அடிக்கடி தீட்ட வேண்டிவரும். அதனால் கடிவரம்பையும் வழக்கத்தைவிட முன்னதாகவே சரிபார்க்க வேண்டிவரும்.

ஒரு கலைச்சொல்லின் வலிமை அதிலிருந்து கிளைக்கும் சொற்களில் தெரியும் என்பதால் அவற்றையும் முன்வைக்கிறேன். 0.8 மி.மீ. என்னும் உயர வேறுபாட்டுக்கு ‘வரம்பிறக்கம்’. மேட்டைத் தேய்த்துக் குறைப்பதற்கு ‘வரம்பிறக்குதல்’. சரிபார்க்கும் எஃகுத் தகட்டுக்கு ‘வரம்புத்தகடு’. “மூன்று நான்கு முறை தீட்டியபின் வரம்புத்தகட்டை வைத்துப் பார்த்து, தேவையானால் வரம்பிறக்கவும்” என்று எழுதினால், விளக்கப்படம் இல்லாமலும் ஒரு மெக்கானிக்குப் புரியும்.

பிஸ்டன் ‘ஸ்கோரிங்’ பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘கோடு விழுதல்’ என்று பட்டறையில் வழங்கும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றுக்கருத்து இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் நன்று. பெரிய மறுப்பு ஏதும் வராவிடில், ‘கடிவரம்பு: சங்கிலி ரம்பத்தின் வெட்டுக் கண்ணியில் பல்லுக்கு முன்னால் அமைந்து, பல் மரத்துக்குள் இறங்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேடு’ என்ற வரையறையோடு பட்டியலில் ஏற்றிவிடலாம், கையேட்டில் முதல்முறை வரும்போது மட்டும் டெப்த் கேஜ் என்ற பழகிய பெயரையும் அருகில் தந்தால் போதும்.

அன்புடன்,
குழு உறுப்பினர்