மாந்தோப்புச் சரிவிலும் ஆற்று மணலிலும் ஏடிவி ஓட்டிய அனுபவங்கள்

ராயக்கோட்டைப் பகுதி உறுப்பினர்:

எங்கள் மாந்தோப்பு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. கீழே செம்மண், மேலே ஏற ஏறச் சரளையும், இடையிடையே தலைநீட்டும் பாறைகளும். டிராக்டர் நுழைய முடியாத மேல் வரிசைகளில் உள்ள தோத்தாபுரி மரங்களுக்கு மருந்தடிப்பதற்காக, நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய ஏடிவி (மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில்பார் பிடித்து, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கினேன். நான்கு சக்கர வண்டி கவிழாது என்று நம்பியிருந்தேன். பூப்பருவத்தில் ஒருநாள் காலை அந்த நம்பிக்கை பொய்த்துப் போனது.

பின்பக்கத் தாங்கியில் 60 லிட்டர் மருந்துத் தொட்டியைக் கட்டியிருந்தேன். பாதி மருந்து தீர்ந்திருந்த நிலையில், அடுத்த வரிசைக்குப் போகச் சரிவின் குறுக்காக வண்டியைத் திருப்பினேன். நிறைந்த தொட்டியில் தண்ணீர் அதிகம் அலையாது. பாதித் தொட்டியிலோ அது மொத்தமாகத் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும். மேட்டுப் பக்கத்து முன்சக்கரம் ஒரு பாறையின் விளிம்பில் ஏறிய அதே நொடியில் தண்ணீரும் பள்ளத்துப் பக்கம் போய் முட்ட, வண்டி சாய்ந்தது. மேட்டுப் பக்கமாகக் குதித்ததால் பிழைத்தேன். வண்டி ஒரு மரத்தின் மேல் சாய்ந்து நின்றது. ஹேண்டில்பார் முறித்த கிளையிலிருந்து பால் வடிந்து பெட்ரோல் டேங்க்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த வண்டியில் ஓட்டுபவரின் உடலும் வண்டியின் ஒரு பாகம் என்பதை அதன் பிறகுதான் உணர்ந்தேன். மேடு ஏறும்போது இடுப்பை முன்னே நகர்த்தி முன்சக்கரங்களின் மேல் பாரம் வைக்க வேண்டும்; இறங்கும்போது இருக்கையின் பின்னுக்குப் போய், தாழ்ந்த கியரில் இஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். ஏறும் வழியில் இஞ்சின் நின்றுவிட்டால் பின்னோக்கி உருள விடக்கூடாது. பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். இப்போது பெரிய தொட்டியைக் கட்டுவதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக 20 லிட்டர் கேன்கள் இரண்டை வாய்வரை நிரப்பிக் கொண்டுபோய், வண்டியை நிறுத்திய பிறகே திறக்கிறேன். சரிவைக் குறுக்காகக் கடப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

பென்னாகரம் பகுதி உறுப்பினர்:

ஐயா, உங்களுக்குத் தொட்டி என்றால் எனக்கு டயர் காற்று. பெரும்பாலான ஏடிவி டயர்களுக்கு ஒற்றை இலக்கப் பவுண்டு காற்றே போதும். இதை அறியாமல் பஞ்சர் கடையில் கார் டயருக்குப் போல 25 பவுண்டு அடித்துக்கொண்டு வந்தேன். பாறைப் பாதையில் டயர் கல்லை அணைத்துப் போகாமல் பந்துபோல் எகிறியது. ஒரு துள்ளலில் என் கால் மிதியை விட்டு நழுவிக் கீழே தொங்கியது. அந்தக் காலைத் தரையில் ஊன்றியிருந்தால் பின்சக்கரம் அதன் மேல் ஏறியிருக்கும். கடைகளில் உள்ள சாதாரண அளவியில் 4, 5 பவுண்டுகளைச் சரியாகப் படிக்க முடியாது என்பதால், குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள அளவியைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். இடது, வலது டயர்களில் காற்று வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நான்கையும் பார்க்கிறேன்.

சின்னாற்றின் காய்ந்த மணலில் வேறு கவனம் தேவை. அங்கே சீரான வேகத்தில் போனால் வண்டி மிதந்து செல்லும். திடீரென்று பிரேக் பிடித்தால் முன்சக்கரம் புதையும். தண்ணீர் ஓடினால் முதலில் கோலை ஊன்றி நடந்து ஆழம் பார்த்துவிட்டே வண்டியை இறக்குவேன். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குவேன்.

தேன்கனிக்கோட்டைப் பகுதி உறுப்பினர்:

தார்ச்சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஏடிவிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழல்வதால், மண்ணில் வழுக்கித் திரும்பும் வண்டி தாரில் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கிறது. எங்கள் கொல்லைக்கு நடுவே செல்லும் சாலையைக் குறுக்கே கடப்பதற்கு மேல் நான் தாரில் ஓட்டுவதில்லை. யானை நடமாட்டமுள்ள காட்டு எல்லைப் பக்கமும் போவதில்லை.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகள், வயது 12, தானே ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். மட்கார்டில் ஒட்டியிருந்த, 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கையை அவளையே படிக்க வைத்தேன். பின்னால் உட்கார்ந்தாவது வருகிறேன் என்றாள். ஒருவருக்கென்றே செய்த வண்டியில் இன்னொருவர் ஏறினால் ஓட்டுபவர் உடலை நகர்த்த இடமிருக்காது என்று சொல்லிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை.