வெயிலில் கறுப்புக் கோட்டைத் தவறவிடும் ரோபோ: சென்சாரை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (பெரம்பூரிலிருந்து)

வணக்கம். நான் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவன். ரிச்சி தெருவில் வாங்கிய ஐந்து டிசிஆர்டி 5000 சென்சார் மாட்யூல்கள் (அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையிலிருந்து திரும்பி வருவதை அளப்பவை), ஆர்டுயினோ யூனோ கட்டுப்பாட்டுப் பலகை, எல்298என் மோட்டார் டிரைவர், இரண்டு 18650 ரீசார்ஜ் செல்கள் ஆகியவற்றைக் கொண்டு, வெள்ளை ஃப்ளெக்ஸ் மீது ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பின்தொடரும் ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறேன். இரவில் வீட்டு ட்யூப் லைட் வெளிச்சத்தில் அது கோட்டை விட்டு விலகுவதே இல்லை. ஆனால் காலை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வைத்தால், கறுப்பின் மேல் நிற்கும்போதும் ஐந்து சென்சார்களும் வெள்ளை என்றே காட்டுகின்றன. மாட்யூலில் கறுப்பு-வெள்ளை எல்லையை அமைக்கும் பிரீசெட் திருகைத் திருப்பிச் சரிசெய்தாலும், வெயில் சற்று நகர்ந்ததும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. மேலும், நேர்கோட்டில்கூட ரோபோ இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே செல்கிறது. சென்சார்கள் தரையிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் உள்ளன. எங்கள் போட்டி திறந்த வராந்தாவில் நடக்கவிருப்பதால், இதற்கு ஒரு நிலையான தீர்வு வேண்டும்.

மறுமொழி (அம்பத்தூரிலிருந்து)

தம்பி, முதலில் உயரத்தைக் கவனியுங்கள். டிசிஆர்டி 5000 சுமார் 2.5 மி.மீ. தொலைவில்தான் மிகத் தெளிவாகப் பார்க்கும், 15 மி.மீ. என்பது அதன் எல்லைக்கோடு. அந்த உயரத்தில் எல்இடி அனுப்பும் ஒளியில் மிகச் சிறு பங்குதான் திரும்பி வரும்; சுற்றுப்புற ஒளியோ தாராளமாக உள்ளே நுழையும். சென்சாரின் கருநிற உறை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கிறதே தவிர, 950 நானோமீட்டர் அளவிலுள்ள அகச்சிவப்பை விட்டுவிடுகிறது. சூரிய ஒளியிலும் அந்த அகச்சிவப்பு நிறைய இருப்பதால், சென்சாரில் ஒளியை உணரும் போட்டோ டிரான்சிஸ்டருக்கு எல்லா இடமும் வெள்ளையாகிவிடுகிறது. ட்யூப் லைட்டில் அது மிகக் குறைவு. உங்கள் வீட்டில் சிக்கல் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

சென்சார்களை 3 அல்லது 4 மி.மீ. உயரத்திற்கு இறக்கி, சுற்றிலும் தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு மறைப்பு கட்டுங்கள். கறுப்புச் சார்ட் பேப்பரை மட்டும் நம்ப வேண்டாம். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். மறைப்புக்கு எடுக்கும் பொருளை முதலில் உங்கள் சென்சாருக்குக் கீழேயே வைத்துப் பாருங்கள். அது கறுப்பு என்று சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள்.

மறுமொழி (தாம்பரத்திலிருந்து)

ஐயா சொன்னதோடு நிரல் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ரோபோ ஆடுவதற்கு, மாட்யூலில் உள்ள எல்எம்393 ஒப்பீட்டுச் சிப் தரும் 'ஆம், இல்லை' என்ற இரண்டே விடைகளை வைத்து ஓட்டுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கோடு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்து, எவ்வளவு தூரம் விலகியது என்று தெரியாவிட்டால், மோட்டார்கள் ஒவ்வொரு முறையும் மிகையாகத்தான் திருப்பும். நான்கு பின் உள்ள மாட்யூலாக இருந்தால், அனலாக் வெளியீட்டை (ஒளிக்கு ஏற்பப் படிப்படியாக மாறும் மின்னழுத்தத்தை) யூனோவின் ஆறு அனலாக் உள்ளீடுகளில் ஐந்தில் இணைத்துவிடுங்கள். 0 முதல் 1023 வரை எண் கிடைக்கும். வெள்ளையில் சிறிய எண்ணும் கறுப்பில் பெரிய எண்ணும் வரும்.

ஓடத் தொடங்கும் முன், போட்டி நடக்கும் அதே இடத்தில் ரோபோவைக் கோட்டின் குறுக்கே சில வினாடிகள் நகர்த்தி, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, கூடிய எண்களைப் பதிந்து, எல்லாவற்றையும் 0 முதல் 1000 என்ற ஒரே அளவுக்கு மாற்றுங்கள். பிறகு சென்சார்களுக்கு 0, 1000, 2000, 3000, 4000 என்று இடமதிப்பு கொடுத்து, அளவால் பெருக்கிக் கூட்டி, அளவுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கோட்டின் இடம் கிடைக்கும். 2000 என்றால் நடு. அதிலிருந்து விலகும் அளவை ஒரு மடங்காலும், அந்த விலகல் முந்தைய சுற்றிலிருந்து மாறிய அளவை இன்னொரு மடங்காலும் பெருக்கிக் கூட்டி, ஒரு மோட்டாருக்கு அதைச் சேர்த்து மற்றதற்குக் கழியுங்கள். ஆட்டத்தை அடக்குவது இரண்டாவது மடங்குதான். முதல் மடங்கை மட்டும் வைத்து ரோபோ கோட்டைப் பிடிக்கும் வரை உயர்த்தி, பின்னர் இரண்டாவதைக் கூட்டுவதே எனக்குப் பழகிய வழி. ஐந்தும் வெள்ளை என்றால் வகுக்கவே கூடாது. கோடு கடைசியாக இருந்த பக்கம் திரும்பச் செய்ய வேண்டும்.

டேப்பின் அகலம் சுமார் 18 மி.மீ. என்பதால், சென்சார்களின் இடைவெளி அதைவிடக் குறைவாக இருப்பது முக்கியம். இல்லையேல் இரண்டுக்கும் நடுவே கோடு மறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 4 மி.மீ. உயரத்திற்கு இறக்கி, அனலாக்கில் படித்துப் பார்த்தேன். மாடியில், முன்பு வெள்ளையும் கறுப்பும் 40, 70 என்று ஒட்டியே வந்தன; இப்போது மறைப்புடன் வெள்ளை 60, கறுப்பு 780 என்று பிரிந்து வருகின்றன. நான் வாங்கிய கறுப்புச் சார்ட், ஐயா எச்சரித்தது போலவே, வெள்ளை என்றே காட்டியது. ஆகவே அதன் உட்பக்கம் முழுவதும் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். எல்இடியை அணைத்தும் ஏற்றியும் படித்து, இரண்டையும் கழித்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

மறுமொழி (அம்பத்தூரிலிருந்து)

அது நல்ல முறைதான், தம்பி. ஆனால் நேர் வெயிலில் டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்துவிட்டால் கழிப்பதற்கு வேறுபாடே இராது. எனவே மறைப்பு எப்போதும் வேண்டும். மாட்யூலில் எல்இடி நேராக மின்வழியோடு இணைந்திருப்பதால் பலகையிலுள்ள செம்புத் தடத்தை அறுக்கவும் நேரும். ஐந்து எல்இடிகளின் மின்னோட்டத்தை யூனோவின் ஒரே பின்னில் ஏற்றாமல், ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் வழியாக இயக்குங்கள். 780க்கும் 60க்கும் உள்ள இடைவெளி வராந்தாவுக்குப் போதும் என்றே நினைக்கிறேன். போட்டிக்கு முன்பு ஒருநாள் அதே நேரத்தில் அங்கே சென்று படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தடத்தை அறுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.